பந்தியில் மிஞ்சிய சோறு

பாப்பாவின் அப்பாவுக்கு,

தியாகதுருகத்தில் உங்கள் இரண்டாவது கல்யாணம் நல்லபடியாக முடிந்ததாம். என்னை அழைக்காத உங்கள் அக்கா, பந்தியில் மிஞ்சிய சோற்றை மட்டும் அண்டாவோடு கொண்டுவந்து இறக்கினார். "வீணாப் போவுது, மாட்டுக்கு வையி" என்றார்.

எனக்கு அது தொண்டையில் இறங்காது. எல்லாவற்றையும் நம் செவலை மாட்டுக்குக் கொட்டினேன். ஆசையாகத் தின்றது. விடிந்து பார்த்தால் வயிறு உப்பி, எழுந்திருக்க முடியாமல் கிடந்தது.

மாட்டு டாக்டர் வந்தார். "சோறு வயித்துல புளிச்சி அமிலமாயிடுச்சும்மா. தீனிய செரிக்க வெக்கிற கிருமியெல்லாம் செத்துப்போச்சி" என்றார். ஊசி போட்டும் உயிர் நிற்கவில்லை. நீங்கள் போன பிறகு எங்களைக் காப்பாற்றியது அதன் பால்தான்.

"இவ்ளோ சோறு ஏதும்மா? யார் வூட்டு விசேஷம்?" என்று கேட்டார்.

"எங்க வூட்டுதுதாங்க" என்றேன்.

அண்டாவைக் கழுவி வைத்திருக்கிறேன். யாரையாவது அனுப்புங்கள். நீங்கள் வர வேண்டாம்.

பாப்பாவின் அம்மா