அடுத்த வீட்டுக்காரன் என்ன நினைக்கிறான்

28 மே 2000, லோவு
நம் இந்தியர் ஆளக் கூடாதென்று தலைநகர் சுவாவில் துப்பாக்கிக்காரர்கள் பார்லிமெண்டைப் பிடித்ததும் பல்கலைக்கழகத்தை மூடிவிட்டார்கள். மகள் ஷைனல் வீட்டில். கணக்குப் படிக்கிறாள். நானும் கணக்கும் எட்டாவதோடு சமாதானமாகப் பிரிந்துவிட்டோம்.

4 ஜூன்
அவள் கணக்கில் மனிதர்கள் வெறும் புள்ளிகள். மற்ற புள்ளிகள் என்ன செய்யும் என்று எதிர்பார்க்கிறதோ, அதைப் பார்த்துத்தான் ஒவ்வொன்றும் இருக்கும், அல்லது ஓடும். "ஒருத்தருக்கும் நாட்ட விட்டுப் போக ஆசையில்ல. ஆனா எல்லாரும் போயிடலாம், அப்பா." பாதி தமிழ், பாதி இந்தி. சிரித்தேன். இங்கே கரும்பு வெட்டும் கேங்குக்கு நான்தான் சர்தார், தலைவன். என் புள்ளிகளை எனக்குத் தெரியாதா?

11 ஜூன்
அவள் கணக்கு தப்பென்று நிரூபிக்க வீடு வீடாகப் போனேன். "மத்தவங்க நாட்ட விட்டுப் போவாங்கன்னு நெனைக்கிறியா?" — இதே கேள்வி. கேங்கில் எனக்கு வலது கையான பல்ராம் வெட்டுக்கத்தி தீட்டிக்கொண்டிருந்தான். "எவன் போவான் சர்தார்? வெட்டு ஆரம்பிக்கப் போவுது!" எல்லோரும் அதேதான் சொன்னார்கள். மகளிடம் மார்தட்டினேன். அவள் தலையில் கைவைத்தாள். "நீங்களே போய்க் கேட்டீங்களா?"
ஏன், சர்தார் கேட்கக் கூடாதா?

19 ஜூன்
கூடாது. கேங் கூட்டத்துக்குப் பாதிப் பேர் வரவில்லை. கோயிலில் பல்ராம் பெண்டாட்டி பாப்பம்மா: "அண்ணே, ஆக்லாந்துல குடியேறப் பேப்பர் போட்டுட்டீங்களாமே? சும்மாவா வீடு வீடா கேட்டீங்க?" இல்லை என்று சாமி முன்னால் சத்தியம் பண்ணினேன். போகிறவனும் அப்படித்தானே பண்ணுவான்!

2 ஜூலை
பல்ராம் உழவு மாட்டை விற்றுவிட்டான். என்கிட்ட ஒரு வார்த்தை — இல்ல. கூடப் பொறந்தவனாட்டம் இருந்தானே! அவனே கெளம்பிட்டா, நான் யார வெச்சு வெட்டறது? யாருக்காக இருக்கணும்?

3 ஜூலை
ஆக்லாந்து மச்சானுக்குப் போன் பண்ணினேன். பேப்பர் போட்டாயிற்று. ஷைனலிடம் சொல்ல வாய் வரவில்லை.

9 ஜூன் 2002, ஆக்லாந்து
கோழி பாக்டரியில் இப்போது பல்ராமும் நானும் ஒரே வரிசை. கரும்பு வெட்டிய கை. அதுக்குக் கோழி எலும்பு வெட்டுவது அவமானம். மாட்டை விற்று முதலில் கிளம்பியவன் நீதானே என்று இன்று அவனைக் குத்திக் காட்டினேன்.

"மாடா? அது நொண்டிப்போச்சு சர்தார். வேற வாங்கத்தான் வித்தேன். நீங்க பேப்பர் போட்டது தெரிஞ்சப்புறம்தான் நானும் போட்டேன்."

இரண்டு பேரும் அடுத்த கோழியை எடுத்தோம்.

பல்கலைக்கழகம் திறந்ததும் போன ஷைனல், எங்களோடு வரமாட்டேன் என்று சுவாவிலேயே இருந்துவிட்டாள். சாயங்காலம் போனில் கேட்டேன்: "உன் கணக்கு என்ன ஆச்சும்மா?"

"தப்பாயிடுச்சு. உங்கள மட்டும் நகராத புள்ளியா வெச்சிருந்தேன், அப்பா."