ஆறாவது வால்வு

என் அருமை அத்தா, அஸ்ஸலாமு அலைக்கும்.

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். ஒன்றையும் மறைக்க மாட்டேன். உங்களை அடக்கிய கபர்ஸ்தானுக்குப் பெண்பிள்ளைகள் வருவதில்லை. உங்களிடம் பேச எனக்குக் காகிதம்தான் இருக்கிறது. மற்றவர்களும் இதைப் படிக்கட்டும்.

நீங்கள் மௌத்தாகி நாற்பது நாள் ஆகிவிட்டது. வாசலில் நீங்கள் வைத்த குரோட்டன்ஸ் பாதி கருகிவிட்டது. காலையில் ஒரு குடம் ஊற்றினாலும் பத்து மணிக்கு மணல் சுடுகிறது. "மணலுக்கு வயிறே கெடையாதும்மா. கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி குடுக்கோணும்" என்பீர்களே. அதற்காகத்தானே ஆறு பித்தளை ஸ்பிரிங்க்ளர்களைச் சேலத்திலிருந்து மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தீர்கள்? "கம்பைநல்லூர்லயே நம்ம வூட்லதான் தெனமும் மழை" என்று சிரித்தீர்கள்.

தண்ணீர் ஆழத்துக்குப் போய்விட்டதால் மோட்டாரை இறக்க இரண்டு ஆள் ஆழத்துக்குக் குழி வெட்ட வேண்டியிருந்தது. வெட்டியவர் மாதன். அன்று அவர் சொன்னதை நான் கேட்டேன்.

"சுத்தியும் செங்கல் கட்டாம உள்ள எறங்காதீங்க பாய். இது மணலு."

"நீ செங்கல் ஏத்திக்கிட்டு வா மாதா. அதுக்குள்ள மோட்டார் ஓடும் பாரு. பந்தயமா?"

அவர் வண்டியோடு போனார். நீங்கள் மோட்டாரை ஓடவிட்டு, ஒழுகும் இடத்தை முறுக்கக் குழிக்குள் இறங்கினீர்கள். உள்ளேயிருந்து குரல் கொடுத்தீர்கள். "ஜமீலா, அஞ்சு வால்வும் தொற. குழியோரத்துல இருக்கற ஆறாவதை மட்டும் தொடாதே."

ஐந்தையும் திறந்தேன். கட்கட்டென்று அவை சுற்றத் தொடங்கின. தண்ணீர் வளைந்து வளைந்து விழுந்தது. ஆறாவது மட்டும் காய்ந்து நின்றது. ஆறும் சேர்ந்து சுற்றினால் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசையாக இருந்தது, அத்தா. திறந்துவிட்டேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பாவாடை நனைய நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் ஏதோ சொல்லிக் கூப்பிட்டீர்கள். தண்ணீர்ச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை. நிறுத்தச் சொன்னீர்களா? என் பேரைச் சொன்னீர்களா? பிறகு மோட்டார் சத்தம் அமுங்கியது. எல்லா ஸ்பிரிங்க்ளரிலும் தண்ணீர் ஒரே நேரத்தில் தாழ்ந்து நின்றது. திரும்பிப் பார்த்தேன். மண் சரிந்து குழி தூர்ந்திருந்தது.

இதையும் எழுத வேண்டும். கத்துவதற்கு முன்னால் நான் ஓடிப்போய் ஆறாவது வால்வை மூடினேன்.

மாதன் செங்கலோடு வந்தவர், வண்டியைப் போட்டுவிட்டுக் கையாலேயே தோண்டினார். அவர் விரல்களில் ரத்தம் வந்தது. இன்று அந்த மனிதர்தான் உங்களைக் கொன்றவர் என்று ஊர் சொல்கிறது. உங்கள் தம்பி, சின்னத்தாதான் அப்படிச் சொல்லிவைத்திருக்கிறார். பொம்மிடி வரைக்கும் மாதனை யாரும் கிணற்று வேலைக்குக் கூப்பிடுவதில்லை.

அன்று விட்டுப்போன மம்பட்டியை வாங்க இன்று காலை அவர் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார்.

"குழி வெட்டத் தெரியாதவனுக்கு எதுக்குடா மம்பட்டி?" என்றார் சின்னத்தா.

"எறங்க வேணாமுன்னு சொன்னனுங்க சின்ன பாய். கேக்கலீங்க."

"செத்தவர் மேலயே பழி போடறியா? போடா!"

மாதன் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அடுப்படிக்குப் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உங்களுக்காக வெளியே வராமல் இத்தா இருக்கும் அம்மா ஜன்னல் வழியாக மாதன் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரும்பவில்லை.

"தெரியும். அன்னைக்கு உன் பாவாடை சொட்டச் சொட்ட நனைஞ்சிருந்துச்சு. குழியோரத்துல வேற எங்கிருந்து தண்ணி வரும்?"

"அப்புறம் ஏம்மா சொல்லல?"

"அவரைக் குடுத்தாச்சு. உன்னையும் ஊரு வாயில குடுக்கச் சொல்றியா?"

உங்களுக்குத் தெரியுமா அத்தா? மண் சரிந்தது தண்ணீராலா, தானாகவேயா? அதை எந்தப் புத்தகத்தில் பார்ப்பேன்? ஆனால் மாதனால் இல்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

நாளைக் காலையில் இந்தக் கடிதத்தைச் சின்னத்தாவுக்கு வாசித்துக் காட்டுவேன். அவரை மாதன் வீட்டுக்குக் கூட்டிப்போவேன். அவர் வர மாட்டேன் என்றால் நான் தனியாகப் போய் வாசிப்பேன். இது உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு.

உங்கள் பேச்சைக் கேட்காத மகள்,
ஜமீலா

இதுவரை எழுதியதை அம்மா என் பின்னால் நின்று படித்தார்கள். காகிதத்தைப் பிடுங்கவில்லை. விளக்கை அணைத்துவிட்டார்கள். இந்த வரிகளை ஜன்னலோர நிலா வெளிச்சத்தில் எழுதுகிறேன்.