டி டிரைவில் இருந்த உன் குரல்

என் பாசமுள்ள அண்ணா,

நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. முதலில் உன்னிடம் சொன்னால்தான் அம்மாவிடம் சொல்லத் தைரியம் வரும்போலிருக்கிறது. உன் கம்ப்யூட்டரில் கைவைத்துக் கெடுத்துவிட்டேன்.

வேலைக்கு மனுப் போட்ட இடத்தில் லினக்ஸ் தெரிய வேண்டும் என்றார்கள். விண்டோஸை அழிக்காமல் பக்கத்திலேயே அதையும் போடலாம் என்று நீதானே சொல்வாய்? அதற்கு டி டிரைவைச் சுருக்கி இடம் ஒதுக்க வேண்டும். அந்த டிரைவில்தான் உன் குரல் இருந்தது.

பிரெஞ்சு வகுப்புக்காக நீ மைக்கில் பேசிப் பழகிய பதிவு. "ழெ மப்பெல்", அதுதான் 'என் பெயர்', என்று நாலு தரம் தடுமாறுவாய். நடுவில் அடுப்படியிலிருந்து அம்மா, "தோசை ஆறிப்போவுதுடா!" என்று கத்துவாள். நீ சிரித்துக்கொண்டே, "தோ வரேம்மா!" என்பாய். வெள்ளிக்கிழமை விளக்கேற்றியதும் அம்மா அதைத்தான் போடச் சொல்வாள்.

எல்லாவற்றையும் முதலில் சிடியில் ஏற்று, பிறகு கை வை என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாய்! சிடி வாங்கித்தான் வைத்திருந்தேன். அப்புறம் ஏற்றிக்கொள்ளலாம் என்ற திமிர், வேறென்ன? ஆயுத பூஜை, லீவுதானே என்று காலையில் ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்தக் கூடாது என்று திரையிலேயே எச்சரிக்கை இருந்தது. அது பாட்டுக்கு மெதுவாக ஓடட்டும் என்று பொரி வாங்கக் கடைக்குப் போனேன்.

திரும்பி வந்தால் திரை கறுத்துக் கிடக்கிறது. சிபியூவுக்குச் சந்தனம், குங்குமம், மேலே ஒரு முழம் கதம்பம்.

"நீ பாட்டுக்கு ஓடவுட்டுட்டுப் போயிட்ட. இன்னிக்கி அதுக்கு லீவுன்னு அவன் சொல்வான் இல்ல? நாந்தான் சுவிச்ச அணைச்சிட்டு பொட்டு வச்சேன்" என்றாள் அம்மா.

முகத்தில் அவ்வளவு சந்தோஷம் அண்ணா. போன வருஷம் துக்கம் என்று பூஜையே இல்லை. நீ பண்ணுவதை இந்த வருஷம் அவளே பண்ணியிருக்கிறாள். பிரிக்காத சிடி டப்பாவுக்கும் ஒரு பொட்டு.

ரெட்டியார்பாளையத்தில் பழுது பார்ப்பவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். "பாதி நகந்துடுச்சு, பாதி பழைய எடத்துலயே கெடக்குதும்மா. வர்ற வரைக்கும் எடுத்துத் தரேன்" என்றார். உன் போட்டோ சில வந்தன. குரல் வரவில்லை.

இரண்டு வெள்ளிக்கிழமையாக, மெஷின் ரிப்பேர் என்று சமாளிக்கிறேன். நேற்று அம்மா கேட்டாள்: "நா சந்தனம் வச்சதுல தண்ணி கிண்ணி உள்ள போயிடுச்சாடி?"

உன்னை ஒரு நாள் முன்னாலேயே கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருக்கலாமே என்று இன்னமும் தன்னைத் திட்டிக்கொள்கிறவள் அவள். இதையும் அவள் தலையில் ஏற்ற முடியுமா?

இந்த வெள்ளிக்கிழமை உட்காரவைத்துச் சொல்லிவிடுகிறேன், குரல் போய்விட்டது, சிடியில் ஏற்றாமல் கைவைத்தவள் நான் என்று. சுவிட்சைப் பற்றி வாயே திறக்க மாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

அம்மா சாப்பிடக் கூப்பிடுகிறாள். இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டாள். பதிவில் நீ சிரித்துக்கொண்டே சொல்கிற அந்த இரண்டு வார்த்தை எனக்கு வாயில் வரமாட்டேன் என்கிறது.

உன் சொல் கேட்காத தங்கச்சி,
செல்வி