வெறுமையாகத் திருப்பிய பாத்திரங்கள்

கிரேஸ்டேல்,
ஓகஸ்ட் 1977.

அன்பு மகள் கமலினிக்கு,

அம்மா எழுதுகிறேன். நல்லூர்க் கந்தன் புண்ணியத்தில் நாங்கள் இருவரும் சுகம், நீயும் அங்கே இருமல் தடிமன் ஒன்றும் அண்டாமல் சுகமாக இருக்க வேண்டும் என்பதே என் வேண்டுதல். அப்பாவுக்கு முழங்கால் நோ கொஞ்சம் குறைவு. எனக்குக் குளிரில் விரல் விறைக்கிறது, எழுத்துக் கோணலாகக் கிடந்தால் அதுதான் காரணம். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. இங்கே பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான ஆசிரியர் இடம் காலியாகிறது என்று அப்பா சொன்னாராம், அம்மா தனியே கிடந்து வாடுகிறாள் என்றும் சொன்னாராம், அதனால் சிட்னி வேலையை விட்டுவிட்டு வந்து எங்களோடு இருக்கலாமா என்று யோசிக்கிறாயாம். வாசித்தவுடன் அழுதேன். அழுது முடிந்ததும் கோபம் வந்தது. விண்ணப்பத்தைத் தபாலில் போடுவதற்கு முன் இந்தக் கடிதத்தைக் கடைசிவரை வாசி பிள்ளை. போட்டுவிட்டாய் என்றால் எப்படியாவது திருப்பி எடு.

நீ விடுமுறைக்கு வந்து நிற்கிற ஊர் வேறு, நான் இருக்கிற ஊர் வேறு. உனக்கு இந்த மேட்டுச் சமவெளி படம் மாதிரி இருக்கிறது என்று போன தை மாதம் சொன்னாய், எனக்கும் முதல் மாதம் அப்படித்தான் இருந்தது. ஒரு மரம் இல்லை, ஒரு வளவு வேலி இல்லை, குசினி யன்னலில் நின்றால் வருகிற கார் ஒரு புழுதிப் பொட்டாகத் தெரியத் தொடங்கி, நான் பருப்பு அவித்து இறக்கும்போதுதான் வீட்டைத் தாண்டிப் போகும். இவ்வளவு வெளி கண்ணுக்கு முன்னால் கிடக்கிறது, எனக்குப் போக ஓர் இடமில்லை. கார் ஓட்டத் தெரியாது, பஸ் கிழமைக்கு ஒருமுறை, அதுவும் மழை பெய்தால் வராது. இப்போது மழையும் இல்லை. ஆடுகள் மண்ணை நக்கிக்கொண்டு நிற்கின்றன, விற்க ஏற்றினால் லொறிக் கூலிக்கும் காணாது என்று சிலர் தங்கள் கையாலேயே சுட்டுப் புதைக்கிறார்கள். சுட்டவர்கள் மறுநாள் நெஞ்சு நோகிறது என்று, இங்கே இருக்கிற ஒரே டொக்டர் அப்பாதானே, அவரிடம் வருகிறார்கள். நெஞ்சில் ஒரு நோயும் இல்லை என்று அவர் தேத்தண்ணி கொடுத்துப் பேசி அனுப்புகிறார்.

இரண்டு வருடம் என்று சொல்லித்தானே வந்தோம். எப்படி இப்படி வேர் பிடித்தோம் என்று உனக்கு ஒருநாளும் சொன்னதில்லை, சொன்னால் சிரிப்பாய். எல்லாம் என் பாத்திரத்தால் வந்த வினை. வந்த கிழமை தபால் கந்தோர் மிசிஸ் டோசன் ஒரு கண்ணாடித் தட்டில் கேக் கொண்டுவந்தார். தட்டின் அடியில் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டரில் அவருடைய பெயர், இந்த ஊரில் எல்லோரும் அப்படித்தான் பெயர் ஒட்டிப் பாத்திரம் அனுப்புவார்கள். நான் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவள், ஒருவர் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பேனா? கடைப் பருப்பை ஊறவைத்து வடை சுட்டு நிரப்பிக் கொடுத்தேன். அவர்களுடைய பழக்கமும் அதேதான் என்று எனக்கு யார் சொன்னார்கள்! தட்டு அப்பிள் பழத்தோடு திரும்பி வந்தது. நான் அதில் பயற்றம் உருண்டை வைத்தேன். அது பேரீச்சம்பழ ரொட்டியோடு வந்தது. பிறகு அடுத்த வீடு, அதற்கு அடுத்த வீடு, பிறகு வெகுதூரப் பண்ணைகள். ஆட்டிறைச்சிக் கறியும் வரத் தொடங்கியது. நாங்கள் சைவம் என்று சொல்லிவிடுவோமே என்றேன், ஆடு வளர்த்துச் சீவிக்கிற சனத்திடம் அதை எப்படிச் சொல்வது, வாயைத் திறக்காதே என்றார் அப்பா. பக்கத்து வீட்டு நாய்க்கு ராசயோகம். அது இப்போது வாசலில் ஏற முடியாமல் மூச்சு வாங்குகிறது. இந்த ஐந்து வருடத்தில் என் குசினியில் வேறொருவர் பாத்திரம் இல்லாத நாள் ஒன்றுகூட இல்லை. கொடுக்க வேண்டியது எப்போதும் ஏதோ ஒன்று கிடக்கும், கொடுத்தால் ஒன்று வரும்.

மெல்பேணில் அப்பாவுக்கு ஆஸ்பத்திரி வேலை சரிவந்தது என்று சித்திரையில் உனக்கு எழுதினேன் அல்லவா. ஆடுகளுக்கு மயிர் வெட்டி முடிந்ததும் போவோம், நியமனக் கடிதம் கையில் வரும்வரை ஒருவருக்கும் மூச்சு விடாதே என்றார். முன்பிருந்த டொக்டர் போன பிறகு இந்த ஊரில் பிரசவத்துக்குப் போகிற வழியிலேயே ஒரு பெண் செத்துப்போனாளாம், அதனால் சனம் பயந்த சனம். சரி, வாயால் சொல்லக் கூடாது, கையால் சொல்லலாம் என்று நான் நினைத்தேன். வீட்டில் கிடந்த பாத்திரம் அத்தனையையும் தேய்த்துக் கழுவித் துடைத்து, வெறுமையாக, வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எங்கள் ஆட்கள் என்றால் ஒன்றுமில்லாத சட்டியைப் பார்த்தவுடனே விளங்கிக்கொள்வார்கள், இனி இவளோடு கொடுக்கல் வாங்கல் இல்லை என்று. கொடுக்கும்போது எனக்குக் கை கூசியது கமலினி. ஆனால் கடைசி வீட்டில் கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்தபோது உடம்பு லேசாகிவிட்டது, அன்றைக்கு ரோட்டில் ஒரு பாட்டுக்கூட வாய்க்குள் பாடினேன்.

இந்தச் சனம் விளங்கிக்கொண்டது வேறு. டொக்டர் வீட்டுக்குள்ளும் வறட்சி வந்துவிட்டது, சமைக்க ஒன்றுமில்லை, பாவம் அந்த மனுசி மானத்தை விட்டுக் கேட்கவும் தெரியாமல் வெறும் தட்டோடு நிற்கிறாள் என்று. மறுநாளே வரத் தொடங்கினார்கள். விறகு ஒரு லொறி வந்து இறங்கியது. தாங்களே கடன்பட்டுச் சாப்பிடுகிறவர்கள், முட்டையும் மாவும் கிழங்கும் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போனார்கள். அதைவிட என்னை அடித்திருக்கலாம். கிழமை முடிவில் மண்டபத்தில் கூட்டம் வைத்து அப்பாவைக் கூப்பிட்டார்கள். எங்கள் வீட்டுக் கூரையைத் தாங்களே மாற்றித் தருவதாகச் சொன்னார்கள், போன மாதம் முழு மந்தையையும் சுட்டுப் புதைத்த கிழவன் எழும்பி, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, எங்களுக்கு நீங்கள் இருந்தால் காணும் என்றான். உன் அப்பா அழுதுவிட்டார். கொழும்பில் அவ்வளவு காலம் வேலை செய்தும் இவருக்காக எழும்பி நின்றவர் ஒருவருமில்லை, அதுவும் எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து, இந்தச் சனத்தை விட்டிட்டு நான் எப்பிடியப்பா போவன், நீயே சொல்லு பாப்பம் என்றார். மெல்பேணுக்கு வரமுடியாது என்று எழுதிப்போட்டார். இங்கே இன்னும் ஐந்து வருடத்துக்குக் கையெழுத்து வைத்தார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை என்று எழுதினால் பொய். ஆனால் அவர் கெட்டவர் இல்லை, இந்த ஊரும் கெட்ட ஊர் இல்லை, அதுதான் கஷ்டம். கெட்டவர்கள் என்றால் சண்டை பிடித்துக்கொண்டு போய்விடலாம். இப்போது என் குசினியில் பாத்திரம் வைக்க இடமில்லை.

அடுத்தது நீ. பள்ளிக்கூடத்துப் பெரியவர் வீட்டுக்கு வந்து உன்னைப் பற்றிக் கேட்டார். ஆசிரியர் வீட்டுக்கு வெள்ளை அடித்தாகிவிட்டது. யன்னல் சீலைக்குத் துணியும் எடுத்துவிட்டார்கள், பச்சையில் சிவப்புப் பூ, உன் கண்ணுக்கு ஆகாத நிறம். மிசிஸ் டோசன் தன் அண்ணன் மகனைப் பற்றி இரண்டுதரம் கதைத்துவிட்டார், நல்ல பெடியனாம், உயரமாம். நீ வந்தால் முதல்நாள் உன் வாசலிலும் ஒரு தட்டு வந்து நிற்கும். நீயும் என் வயிற்றில் பிறந்தவள், வெறுமையாகத் திருப்ப மாட்டாய்.

இந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா உனக்கு ரெலிபோன் எடுப்பார். என்னிடமும் தருவார். இங்கே எந்தக் கோலும் தபால் கந்தோரில் மிசிஸ் டோசன் இணைத்துத்தான் வரும், அவருக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் குரல் தெரியும், நான் அழுதால் பின்னேரத்துக்குள் ஊருக்கே தெரியும். அப்பாவும் பக்கத்தில் கதிரையில் இருந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த முகத்துக்கு முன்னால் எனக்கு வேறொன்றும் வராது, வா பிள்ளை, அம்மாவோட வந்து இரு என்றுதான் சொல்வேன், சிரித்துக்கொண்டும் சொல்வேன். நீ அதைக் கேட்காதே. வேலையில என்னை விடுகினமில்லை அம்மா, என்ன செய்யிறது என்று சொல்லிவிடு. அந்தப் பொய்யின் பாவம் என்னைச் சேரட்டும். உன்னைப் பார்க்க ஆசையில்லாமல் எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே, ஒவ்வொரு பின்னேரமும் உன்னைத்தான் நினைக்கிறேன். நீயும் இங்கே வந்துவிட்டால் இந்த ஊருக்கு வெளியே எனக்கென்று ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

நேரத்துக்குச் சாப்பிடு. ஹோம்புஷ் ஸ்டேஷனில் இருந்து இருட்டில் தனியே நடந்து வராதே, உன்னோடு பிளாட்டில் இருக்கிற விமலாவோடு சேர்ந்து வா, அவளுக்கும் என் அன்பைச் சொல்லு. கந்தன் உன்னைக் கண்போலக் காத்து, நினைத்த காரியம் எல்லாம் உன் கைக்கு எட்ட வைக்கட்டும். பிறகு ஒன்று, மறந்துவிடாதே. உங்கள் பிளாட்டில் முன்னறையில் கிடக்கிற பழைய சோபாவை மாற்றப் போகிறோம் என்று எழுதியிருந்தாய். மாற்ற வேண்டாம். போனமுறை வந்தபோது நீ குளிக்கப் போன நேரம் அதில் படுத்துப் பார்த்தேன், காலை நீட்டினால் எனக்கு அளவாக இருக்கிறது.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா
சிவனேஸ்வரி