எஸ்தரின் கழுத்து

ஒற்றைத் தலைவலி என்று சொல்லிவிட்டால் போதும், நாத்தனார் எஸ்தர் இன்றைக்கே புருஷன் வீட்டுக்குப் போய்விடுவாள், எல்லோருக்கும் நிம்மதி. பிசியோதெரபி வேலைக்குக் கிளம்பிய ஜாஸ்மின், நைட் ஷிப்ட் முடிந்து வரும் கணவன் ஜோயலுக்குச் சீட்டு எழுதினாள்.

"குழம்பு அடுப்பு மேல இருக்கு. சூடு பண்ணிச் சாப்பிட்டுத் தூங்குங்க. எஸ்தரை உள்ள தாழ்ப்பாள் போட்டுக்கச் சொல்லியிருக்கேன், பேர் சொல்லிக் கூப்பிடுங்க. அவளுக்கு வாந்தி இல்ல, வெளிச்சத்துல கண்ணும் கூசல. கழுத்தைத் திருப்பினாதான் பிடரியிலேர்ந்து வலி ஏறுது. எக்ஸ்ரே பாக்காம யாரும் சுளுக்கு எடுக்க வேணாம்."

இடமில்லை. ஓரத்தில் நெருக்கி எழுதினாள்:

"சாயங்காலம் அவ புருஷன் வந்தா ஒற்றைத் தலைவலின்னு சொல்லி அவளை அனுப்பி வைக்கச் சொன்னீங்க. அவர் பிடிச்சுச் செவுத்துல மோதின கழுத்து அது. நான் அப்படிச் சொல்லப் போறதில்ல."