ஒரு கட்டில் போடும் இடம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. பிரஷர் மாத்திரையின் தயவில் நான் நலம். உன் நலத்தைக் கேட்கப்போவதில்லை, அடுத்தவரைப் பற்றிக் கவலைப்படாதவர்களின் உடம்புக்கு ஒன்றும் வராது, நர்ஸாக இருந்து பார்த்தவள் சொல்கிறேன். போனில் பேசினால் மீட்டிங் என்று பாதியில் வைத்துவிடுவாய், அதனால்தான் காகிதம்.

இங்கே உன் அண்ணன் மகளுக்குப் படிக்கத் தனி அறை வேண்டுமாம், அது என் அறைதானாம். நான் கட்டிலில் படுத்திருக்கும்போதே உன் அண்ணி டேப்பைக் கொண்டுவந்து மேஜைக்கு அளவெடுத்தாள், காலைக் கொஞ்சம் மடக்கிக்குங்க அத்தை என்றாள், மடக்கிக்கொண்டேன். உன் அண்ணன் வாசலில் நின்று மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அம்மா இனி உன்னோடு இருக்கட்டும் என்று அவன் உனக்குச் சொன்ன மாதமே, இரண்டு படுக்கையறை வீட்டைக் காலி செய்துவிட்டு இப்போதிருக்கும் ஒற்றை அறைக்குப் போனாயே, அந்தச் சாமர்த்தியம் உன் அப்பாவிடம்கூட இருந்ததில்லை. போட்டோவில் பார்த்தேன், கட்டிலிலிருந்து கை நீட்டினால் அடுப்பு. ஜன்னலைத் திறந்து வைத்துச் சமை, இல்லாவிட்டால் போர்வையெல்லாம் எண்ணெய் வாடை அடிக்கும். ஓனர் ரொம்பக் கறார், இன்னொரு ஆளைத் தங்க விடமாட்டார் என்றாய். உனக்காகப் பரிதாபப்பட்டேன், நிஜமாகவே.

ஆனால் நீ தெருவிலிருந்து எடுத்து அனுப்பிய போட்டோவில் கேட்டின் மேல் 'வாடகைக்கு' என்று போர்டு தொங்குகிறது. பெரிதாக்கினால் நம்பர் தெளிவாகத் தெரிந்தது. ஒரு மூலை போதும் என்று அந்த மனிதரின் காலில் விழுந்தாவது கேட்கலாம் என்றுதான் கூப்பிட்டேன். நான் வாயைத் திறக்குமுன் அவர், மாடியில் ஒரு அறை காலி, இரண்டு பேர்கூடத் தாராளமாகத் தங்கலாம் என்றார். கீழே யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். "அம்மா இல்லாத பொண்ணும்மா, போன வருஷம்தான் தவறிட்டாங்களாம். நீங்க வந்தா அதுக்கும் ஒரு துணையா இருக்கும்" என்றார். வலித்தது, மறைக்க என்ன இருக்கிறது. பெற்ற வயிறு பற்றி எரிந்தது. உனக்குப் பதில் ஒரு கல்லைப் பெற்றிருந்தால் துணி துவைக்கவாவது உதவியிருக்கும்.

நான் யார் என்று அவரிடம் சொல்லவில்லை, உன் வாயைப் பொய்யாக்குவானேன். என் பென்ஷனுக்குள் அடங்குகிற வாடகைதான், அட்வான்ஸ் அனுப்பிவிட்டேன். வெள்ளிக்கிழமை வருகிறேன். ஸ்டேஷனுக்கு வராதே, சாப்பாடு வைக்காதே, செத்தவளுக்கு எதற்கு இதெல்லாம். தளம் மெல்லிசு, மேலே நடந்தால் கீழே அப்படியே கேட்கும் என்று மட்டும் அவர் எச்சரித்தார். ஆயுசெல்லாம் நைட் டியூட்டி பார்த்த கால் இது, விடியும்வரை நடந்துகொண்டேதான் இருக்கும்.

ஒரு குறையும் இல்லாமல் நீடூழி வாழ்க. படுக்குமுன் கேஸை மூட மறக்காதே.

இப்படிக்கு,
உன் மாடிவீட்டுக்காரி