மாமியின் போனில் இருந்த சனம்

மாமி,

நேற்று என் பழைய மடிக்கணினியைத் துடைத்து, ஜெசியின் தையல் வகுப்புக்குக் கொடுக்கலாம் என்று திறந்தேன். வேண்டாதவற்றை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு போகையில், முன்பு இணைத்த கருவிகளின் வரிசையில் உங்கள் போன் நின்றது. ‘மாமி போன்’ என்ற பெயருக்குக் கீழே ‘தொடர்பில் இல்லை’ என்று சாம்பல் நிறத்தில் எழுதியிருந்தது. உங்கள் மகள் ஜெசியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் குனிந்து பார்த்துவிட்டு, “அம்மா உயிரோட இருக்கேக்கையும் உது அப்பிடித்தானே காட்டினது” என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடிந்த பிறகு அந்தப் பெயரை அழிக்க எனக்குக் கை வரவில்லை.

கலியாணம் முடித்த நாளிலிருந்து நீங்கள் என்னோடு நேருக்கு நேர் கதைத்ததில்லை. கோபம் ஏதுமில்லை. மருமகனோடு மாமி வாயாடக் கூடாது என்பது உங்கள் ஒழுங்கு. எனக்குச் சொல்ல வேண்டியதை ஜெசிக்குச் சொல்வீர்கள். அவள் இல்லாவிட்டால் கோழிக்குச் சொல்வீர்கள். “உந்தப் படலையை ஆரும் இறுக்கிக் கட்டினால் ஆடு உள்ள வராது” என்று கோழியிடம் சொன்னால், நான் எழும்பிப் போய்க் கட்ட வேண்டும். இராமநாதபுரம் பக்கத்து அகதி முகாமில், ஒரே அறைக்குள் ஒரு சேலையை மறைப்பாகத் தொங்கவிட்டு எல்லோரும் படுத்த காலத்திலும் இதுதான் நடைமுறை. சண்டை முடிந்து மன்னாருக்குத் திரும்பி, தாராபுரம் போகும் பாதையில் வாடகை வீடு எடுத்த பிறகும் இதுதான். மீனவர் சங்கக் கந்தோரில் கணினி வேலை பார்க்கிறவன் என்பதால், வீட்டில் கரண்டில் ஓடுகிற எது பழுதானாலும் முறைப்பாடு கோழி வழியாக எனக்கு வந்து சேரும்.

உங்கள் மகன் சின்னவன் பிரான்சிலிருந்து போன் அனுப்பிய பிறகு கோழிக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைத்தது. வளவைச் சுற்றி நடந்தபடி வீடியோ பிடித்துக்கொண்டே சின்னவனோடு கதைப்பீர்கள். முருங்கை பூத்தது, கிணறு உப்புக் கரித்தது, பக்கத்து வீட்டில் என்ன நடந்தது எல்லாம் அதில் ஏறும். அனுப்புவதில்லை. “அவன் வரேக்கை ஒண்டா இருந்து பாப்பான்” என்று சேர்த்து வைத்தீர்கள்.

பிறகு வேளாங்கண்ணிக்கு நேர்த்தி வைத்துப் போனீர்கள். திரும்பும் வழியில், யாரிடமும் சொல்லாமல், எங்கள் பழைய முகாமுக்கும் போயிருக்கிறீர்கள். வெளியாளை உள்ளே விடமாட்டார்கள். அதற்காக நீங்கள் திரும்பி வருகிற ஆளா? வாசலுக்கு எதிரேயிருந்த தேநீர்க் கடையில் உட்கார்ந்துகொண்டு உள்ளே ஆள் அனுப்பினீர்கள். சனம் வந்தது. ஊர் திரும்ப மனமிருந்தும் வழியில்லாதவர்கள், இன்னும் யோசித்துக்கொண்டிருப்பவர்கள். ஒவ்வொருவரையும் கடை வாங்கில் உட்கார்த்தி, மன்னாரில் இருக்கிற தங்கள் ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதைப் போனைப் பார்த்துச் சொல்லச் சொன்னீர்கள். குரல் கேட்பது எப்போதாவது உண்டு. முகம் பார்த்துப் பல வருடம். ஓலைத்தொடுவாயில் இருக்கும் மகளுக்காக, நடக்க முடியாத திரேசம்மாக்காவை இரண்டு பேர் கதிரையோடு தூக்கி வந்தார்களாம். “கொண்டு போய்க் காட்டுறன் எண்டு எல்லாருக்கும் வாக்குக் குடுத்திட்டன்” என்று வந்த அன்றே ஜெசியிடம் சொன்னீர்கள்.

வாக்குக் கொடுத்தது நீங்கள். சிக்கிக்கொண்டது நான். அந்தப் போனில் கழற்றி எடுக்க மெமரி கார்டு கிடையாது. உப்புக் காற்றில் சார்ஜ் போடுகிற துளை துருப்பிடித்துப் போயிருந்தது. வயரை ஒரு பக்கம் சரித்து, அதன்மேல் செபப் புத்தகத்தை வைத்தால் சார்ஜ் ஏறும். கணினி மட்டும் அந்த வயரைக் கண்டுகொள்ளாது. “வயர் இல்லாமலே கணினிக்கு எடுக்கலாம்” என்று நான் ஜெசியிடம் பெருமையாகச் சொன்னேன். நீங்கள் கோழியைப் பார்த்து, “வயர் இருக்கேக்கையே போகேல்லை” என்றீர்கள்.

முதலில் புளூடூத். ஒரு வீடியோ போகவே அரைநாள் பிடித்தது. போனை அசைக்க வேண்டாம் என்று ஜெசி வழியாகச் சொல்லியிருந்தேன். நீங்கள் பெரிய வெள்ளிக்கிழமை ஆராதனையில் இருப்பதுபோல் அசையாமல் இருந்தீர்கள். முடியப்போகிற நேரம் பார்த்து அடுப்பில் பால் பொங்கியது. போனையும் தூக்கிக்கொண்டு குசினிக்கு ஓடினீர்கள். பாலும் போயிற்று, வீடியோவும் போயிற்று.

அடுத்தது வைஃபை. போனிலும் கணினியிலும் ஒரே செயலியைப் போட்டால் இரண்டும் ஒன்றையொன்று கண்டுபிடித்துத் தாமாகவே பரிமாறிக்கொள்ளும். எங்கள் ரவுட்டரைக் கொண்டுவந்து பூட்டித் தந்த பட்டணத்துக் கடைக்காரரே அந்தச் செயலியையும் கணினியில் போட்டுத் தந்திருந்தார். ஆனால் போன் கணினியைக் காணவில்லை. ரவுட்டரை நிறுத்திப் போட்டேன். கணினியை நிறுத்திப் போட்டேன். கணினியின் ஃபயர்வால் பாதுகாப்பைத் தளர்த்தினேன். ஜெசி விளக்கம் கேட்டாள்.

“ரெண்டும் ஒரே வைஃபையில இருந்தால்தான் ஒண்டையொண்டு காணும்” என்றேன்.

“ஒரே வீட்டில இருக்கிறதுகள் எல்லாம் கதைக்குதுகளோ?” என்று நீங்கள் முற்றத்திலிருந்து கோழியைக் கேட்டீர்கள். மாமி, அந்தக் கேள்வியை நீங்கள் தெரிந்துதான் கேட்டீர்களா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

நான் கைவிட்ட அன்று மத்தியானம் நீங்கள் போனோடு உங்கள் அறைக்குள் போய்க் கட்டிலில் சரிந்தீர்கள். கொஞ்ச நேரத்தில் ஜெசியைக் கூப்பிட்டீர்கள். போனில் கணினியின் பெயர் வந்திருந்தது. நீங்களே தொட்டீர்களாம். பச்சைக் கோடு ஓடி, பின்னேரம் ‘முடிந்தது’ என்று காட்டியது. அதோடு போன் ஏதோ ஆங்கிலத்தில் கேட்டது. நீங்கள் ஓம் என்று அமத்தினீர்கள். கேட்டது என்னவென்றால், கணினிக்குப் போன எல்லாவற்றையும் போனிலிருந்து அழித்துவிடவா என்று. “மரியாதையாக் கேக்குது, மாட்டன் எண்டு சொல்லுறதோ?” என்று பிறகு ஜெசியிடம் நியாயம் சொன்னீர்கள்.

நான் கந்தோரிலிருந்து வந்து கணினியைத் திறந்தேன். அதில் ஒன்றும் இல்லை. எல்லா இடமும் தேடினேன். குப்பைத் தொட்டிக்குள்ளும் தேடினேன். போனும் வெறுமையாக இருந்தது. நீங்கள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். ஜெசி பக்கத்தில் இருந்தாள், கோழியும் வாசலில் நின்றது. இரண்டையும் விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்துக் கேட்டீர்கள்: “தம்பி, அந்தச் சனத்துக்கு நான் என்ன சொல்லுறது?”

நீங்கள் என்னோடு நேரே கதைத்த முதல் வார்த்தை அது.

அந்தக் கிழமைதான் முகாமிலிருந்து செய்தி வந்தது, திரேசம்மாக்கா செத்துவிட்டாவென்று. நீங்கள் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினீர்கள். தொலைந்த பொருளைத் தேடிக் கொடுக்கிற புனிதர் என்றாலும், வைஃபையில் தொலைந்ததை அவர் எங்கே போய்த் தேடுவார் என்று எனக்குள் ஒரு சந்தேகம் இருந்தது. சாப்பாடு குறைந்தது. வளவில் உங்கள் குரல் கேட்கவில்லை. கோழிகூடக் குழம்பிப்போய் என் காலடியில் வந்து நின்றது.

ஞாயிறு பூசை முடிந்து வந்து இருந்தபோது பக்கத்து வீட்டு ஹாஜியார் படலையில் நின்று செருமினார். சண்டைக் காலத்தில் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டு, புத்தளம் முகாம்களில் இருபது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டுத் தன் பழைய வளவுக்குத் திரும்பி, வீடு கட்டிக் குடியிருந்த மனிதர். நீங்கள் அவருடைய ஆட்டோடு கதைத்த அளவுக்கு அவரோடு கதைத்ததில்லை. கதிரை போட்டோம். இருந்தார். தேத்தண்ணி குடித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

“தம்பி, எங்கட கொம்பியூட்டருக்குள்ள உங்கட மாமி இருக்கிறா.”

விசயம் இவ்வளவுதான். அவருக்கும் அதே கடைக்காரர்தான் ரவுட்டர் பூட்டிக் கொடுத்திருந்தார். சோம்பேறி மனிதர், போன வீடுகளுக்கெல்லாம் ஒரே வைஃபைப் பெயர், ஒரே கடவுச்சொல், கணினிக்கும் ஒரே பெயர். உங்கள் அறைச் சுவரைத் தாண்டினால் ஹாஜியார் வீட்டு விறாந்தை. எங்கள் ரவுட்டரோ முன் அறை அலுமாரிக்கு மேல். நீங்கள் கட்டிலில் சரிந்ததும் போன் எங்கள் வைஃபையை விட்டு அவருடைய வைஃபையைப் பிடித்துக்கொண்டது. முகாமில் இருந்த சனம் முழுவதையும், உங்களையும் சேர்த்து, மதிலுக்கு அந்தப் பக்கம் அனுப்பிவைத்தது.

“பிழையா நினைக்க வேண்டாம். என்னண்டு தெரியாமத் திறந்திட்டம். பிறகு மூடேலாமப் போச்சு” என்றார் ஹாஜியார். “வீட்டில எல்லாரும் இருந்து பாத்தம். நாங்களும் கேம்பில இருந்த ஆக்கள்தானே. கதிரையில தூக்கிக்கொண்டு வந்த அந்தத் தாயைக் கண்டிட்டு எங்கட வீட்டுக்காரி ரெண்டு நாளா ஒழுங்காச் சாப்பிடேல்ல.”

நீங்கள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தீர்கள். ஹாஜியார் கோப்பையைக் கீழே வைத்தார்.

“எங்கட ஆட்டைப் பத்தியும் கதைச்சிருக்கிறீங்க.”

நீங்கள் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டீர்கள். அந்த வீடியோவை நான் பிறகு பார்த்தேன். “சின்னவன், இது பக்கத்து வீட்டு ஆடு. அங்க இருக்கிறதிலும் பாக்க இங்கதான் கூட நேரம். வீட்டு வாடகையில பாதி கேக்க வேணும்” என்று முருங்கையடியில் நின்று சொல்லியிருந்தீர்கள். ஆடு உங்களைப் பார்த்துக்கொண்டே இலையை மென்றது.

ஹாஜியார் போக எழும்பியபோது என் தோளில் கை வைத்தார். “ஃபான் இப்ப ஓடுதோ, தம்பி?” என்றார். எனக்கு விளங்கவில்லை. மின்விசிறி வீடியோவையும் பார்த்த பிறகுதான் விளங்கியது. “உன்ரை அத்தான் கொம்பியூட்டர் படிச்சவர்தான், சின்னவன். ஃபானைத் திருத்திறன் எண்டு கழட்டினார். இப்ப ஃபான் அலுமாரிக்கு மேல. ஆணியெல்லாம் சீனிப் போத்திலுக்குள்ள. நல்ல மனிசன். ஒண்டையும் திருத்தாம விட்டால் இன்னும் நல்ல மனிசன்.” இதை ஹாஜியார் வீட்டில் சின்னன் பெரிசு எல்லோரும் பாடமாக்கியிருந்தார்கள். அதற்குப் பிறகு பல மாதம், மதிலுக்கு மேலால் என்னைக் கண்டால் அந்த வீட்டுப் பெண்கள் முக்காட்டுக்குள் சிரிப்பார்கள்.

எல்லாவற்றையும் பென் டிரைவில் போட்டு, சட்டைப் பையில் வைத்து, கையால் பொத்திக்கொண்டு வந்தேன். வயர் இல்லாத எதையும் அன்று நான் நம்பத் தயாராயில்லை.

மறுநாளே ஓலைத்தொடுவாய் பஸ் ஏறினோம். நீங்கள் முன் ஆசனத்தில், நான் பின்னால் மடிக்கணினியோடு. திரேசம்மாக்காவின் மகள் மீன் வாடியடியில் கருவாடு புரட்டிக்கொண்டு நின்றாள். கை கழுவிவிட்டு வந்து இருந்தாள். திரையில் தாய் வந்தா. அழுவா, ஆசீர்வாதம் சொல்லுவா என்று நான் எதிர்பார்த்திருந்தேன். திரேசம்மாக்கா கமராவை உற்றுப் பார்த்துவிட்டு, “எடியேய், தலைக்கு எண்ணெய் வைக்கிறியோ? வெயிலுக்க நிண்டு நிண்டு சருகாப் போயிருப்பாய். மனிசன் குடிச்சால் சோறு போடாத. சரி, வைக்கிறன், கடைக்காரன் பாக்கிறான்” என்று சொல்லி முடித்தா. மகள் சிரித்தாள். சிரித்துச் சிரித்து அப்படியே மணலில் குந்திவிட்டாள். அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை. “இன்னொருக்காப் போடுங்கோ அண்ணை” என்றாள். போட்டேன். அவள் கேட்கக் கேட்கப் போட்டேன், பற்றரி இறங்கும் வரைக்கும்.

திரும்பும் பஸ்ஸில் நீங்கள் முன்னுக்கு இருந்து தலையைத் திருப்பி, “தம்பி, ஃபானை ஆளைக் கூப்பிட்டுப் பூட்டுவம்” என்றீர்கள். அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் நேரேதான் கதைத்தோம். பெரும்பாலும் நான் பழுதாக்கிய சாமான்களைப் பற்றி.

மற்ற ஆட்களையும் ஒவ்வொருவராகக் கண்டுபிடித்தோம். பேசாலையில், எருக்கலம்பிட்டியில், பட்டணத்தில். ஒரே ஒருவர்தான் அகப்படாமல் மிஞ்சினார். முகாமில் நெடியவர் என்று எல்லோரும் கூப்பிடுகிற செபஸ்தியார் அவருக்குச் சொன்ன செய்தி இது. “மச்சான் சூசை, அண்டைக்கு வள்ளத்தில ஏறேக்கை அவசரத்தில உன்ரை செருப்பை மாறிப் போட்டிட்டன், என்ரை கடலோட போயிட்டுது. நீ ஏறேல்லை எண்டது நடுக்கடலிலதான் தெரியும். வெறுங்காலோட எப்பிடி உயிலங்குளம் போய்ச் சேர்ந்தாய் எண்டு இண்டைக்கும் யோசிக்கிறன்.” உயிலங்குளத்துக்கு நாங்கள் எத்தனை தரம் போனோம். சூசை என்று பெயருள்ள எல்லோரும் வந்து பார்த்தார்கள். எல்லோரும் தங்கள் செருப்பு தங்களிடம் இருக்கிறது என்றார்கள்.

பிறகு ஒரு மாரி காலத்தில் உங்களுக்கு மூச்சுமுட்டு வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலிலும், “உயிலங்குளத்தாரைப் பாத்தியளோ தம்பி?” என்றுதான் கேட்டீர்கள். இல்லை என்றேன். “பாப்பம்” என்றீர்கள். செத்த வீட்டுக்கு ஹாஜியார் குடும்பத்தோடு வந்து, எல்லோரும் போகும்வரை முற்றத்தில் நின்றார். “எங்கட வீட்டுக்குக் கதவால வராம வந்த ஒரே விருந்தாளி அவதான்” என்றார்.

போன மாதம் கந்தோர் வேலையாக உயிலங்குளம் போனேன். வழக்கம்போல் குளக்கட்டில் நின்றவர்களிடம் விசாரித்தேன். வன்னியில் மகளோடு இருந்துவிட்டு அண்மையில் வந்த ஒரு சூசையப்பரைக் காட்டினார்கள். வயலுக்குத் தண்ணி மாற்றிக்கொண்டு நின்றார். என் போனில் நெடியவரைக் காட்டினேன். மண்வெட்டியை வரம்பில் சாத்திவிட்டு, முழுவதையும் அசையாமல் பார்த்தார்.

“உவன் இன்னும் இருக்கிறானோ?” என்றார்.

இருக்கிறார், விசாரித்துவிட்டேன், போன்தான் அவரிடம் இல்லை என்றேன். சூசையப்பர் வாய்க்காலில் கை கழுவினார். பிறகு, “அப்ப நான் சொல்லுறதையும் பிடியும்” என்று சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றார். “மச்சான், அந்தச் செருப்பு எனக்கு வாங்கின நாளிலயிருந்து காலைக் கடிச்சது. நீ கொண்டு போனதால தப்பினன். உனக்கும் கடிச்சிருக்கும், சொல்லாம இருக்கிறாய். வா மச்சான், இங்க வயலுக்க செருப்புத் தேவையில்லை.”

போட்டுக் காட்டச் சொன்னார். இரண்டு தரம் பார்த்தார். தன் குரல் சரியாக விழுந்திருக்கிறது என்று நம்பிக்கை வந்த பிறகுதான் என்னைப் போக விட்டார். அடுத்த வேளாங்கண்ணித் திருநாளுக்கு நானும் ஜெசியும் போகிறோம், மாமி. கொண்டு போய்க் காட்டுறன் எண்டு அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.